கடற்கரைப் பேச்சும் சிறை வெண்பாவும்

வ.உ. சிதம்பரம் பிள்ளை என்றவுடன் தமிழர் நினைவில் எழுபவை இரண்டு. ஒன்று கப்பல், மற்றொன்று செக்கு. தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செக்கு சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. அவருடைய செய்யுள்கள் எங்கே என்று யாரேனும் கேட்டால் நூலகப் பட்டியலைத்தான் சுட்ட வேண்டியிருக்கிறது. ஓரடிகளால் ஆன ஒரு நீதிநூல், நூறு வெண்பாக்களில் ஒரு மெய்ப்பொருள் நூல், ஒரு தனிப்பாடல் திரட்டு, அகவலில் ஒரு தன்வரலாறு. இவ்வளவையும் விட்டுச் சென்ற ஒருவரைக் கவிஞர் என்று சொல்ல நமக்கு ஏனோ நா எழுவதில்லை. வரலாறுகளை எழுதியோரும் 'இலக்கியப் பணி' என்று கடைசியில் ஓர் அத்தியாயம் ஒதுக்கி, நூற்பெயர்களை அடுக்கிக் கடமையை முடித்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி அத்தியாயத்தை முதலில் வைத்துப் படித்தால் அவர் வாழ்க்கை எவ்வாறு தோன்றும் என்று பார்ப்பதே நம் நோக்கம்.

ஊரிலிருந்து தொடங்குவோம். கொற்கை சங்க காலத்து முத்துத்துறை. கடல் பின்வாங்கி, கொற்கை உள்நாட்டுக் கிராமமாகிவிட்ட பிறகு அதன் தொழிலும் மக்களும் காயலுக்கும் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்குமாகப் பிரிந்தனர். போர்த்துக்கேயர், 1658 முதல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று முத்துக்குளிப்பின் வருவாய்க்கு உரிமை கொண்டாடியோர் மாறினர். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கியவர் மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி பருத்தி ஏற்றுமதித் துறையாகவும், கொழும்புக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளர் கப்பலேறும் இடமாகவும் இருந்தது. கடல் ஆழமற்றது. ஆகவே கப்பல்கள் கரையை விட்டு வெகு தொலைவில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் தோணியில் போய் ஏற வேண்டும். 1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, அங்கேயே வக்கீல் தொழிலைத் தொடங்கிய சிதம்பரம் பிள்ளை 1900இல் குடியேறிய ஊர் இது. அரசியலுக்கு வருமுன்னரே அவர் செய்யுள் எழுதிக்கொண்டிருந்தார். பின்னாளில் வெளிவந்த 'பாடல் திரட்டு' சிறைக்கு முந்தியவை, சிறையில் எழுதியவை என இரு பகுதிகளாகவே அமைந்துள்ளது.

சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கதை பலரும் அறிந்தது. 1906 அக்டோபர் 16இல் பதிவு. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள். நாம் நின்று கவனிக்க விரும்புவது கம்பெனியின் தலைவர் பெயரை. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரும் அவரே. ஏடு தேடுவதற்கும் புலவரைப் பேணுவதற்கும் சங்கம் கண்ட கை, நீராவிக் கப்பல் கம்பெனிக்கும் தலைமை தாங்கியது. இதை ஒரு செல்வரின் இருவேறு பொழுதுபோக்குகள் என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டுச் சுதேசியத்தில் கப்பலும் யாப்பும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட இரண்டு வரவுகள் என்றே நமக்குத் தோன்றுகிறது. சிதம்பரம் பிள்ளையின் பிற்கால வாழ்வு அதற்குச் சான்று. கப்பல் போன பிறகு அவரிடம் எஞ்சியது யாப்பு மட்டுமே.

1908ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் கூட்டம். சுப்பிரமணிய சிவா பேசினார். சிதம்பரம் பிள்ளை பேசினார். ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர் பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் செய்து, மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வு பெற்று வேலைக்குத் திரும்பினர். அந்தக் கூட்டங்களில் அவர் பேசியது வெண்பா அல்ல. பண்டிதத் தமிழும் அல்ல. ஆலைத் தொழிலாளியும் தோணிக்காரரும் கடைக்காரரும் புரிந்துகொண்ட பேச்சுத் தமிழாகத்தான் அது இருந்திருக்க வேண்டும். அன்றேல் அத்தனை பேர் கூடியிருக்க மாட்டார்கள். மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலகம். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இராஜநிந்தனைக்கு இருபதாண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்தமைக்கு இருபதாண்டு, ஆக நாற்பதாண்டு. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது.

தண்டனைக்கு உரியதாகக் கொள்ளப்பட்ட குற்றம் பேச்சு. தமிழ்ப் பேச்சு. காவல் துறையினர் குறிப்பெடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, நீதிமன்றத்தில் சான்றாக வைத்த பேச்சு. அக்கடற்கரைத் தமிழில் இன்று நமக்கு எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் காவல் துறைக் குறிப்புகளின் வழியே வருவதுதான். ஒரு மனிதர் தம் வாழ்வின் உச்சமான சில வாரங்களில் எந்தத் தமிழில் பேசினாரோ அது பகைவனின் கோப்பில், பகைவனின் மொழியில் அடைபட்டுவிட்டது. அவர் தம் கையால் எழுதித் தந்த தமிழோ முற்றிலும் வேறு: சீரும் தளையும் பிறழாத, திருக்குறளும் தொல்காப்பியமும் ஊறிய பழந்தமிழ். வ.உ.சி.யைக் கவிஞராக நினைக்க நமக்குள்ள தயக்கத்துக்கு இந்த இடைவெளியே காரணம் என்று எண்ணுகிறோம். செயலில் மக்கள் தலைவர், செய்யுளில் புலவர். இரண்டையும் ஒரே ஆளாகப் பொருத்திப் பார்க்க வரவில்லை.

இதனோடு ஒப்பிட, வேறொரு கடற்கரைக்குச் சற்றுப் போய் வருவோம். பால்டிக் கடலோரம், போலந்தின் கதான்ஸ்க் நகரை அடுத்த பகுதியில் கஷூபியர் என்னும் சிறு இனத்தார் வாழ்கின்றனர். அவர்கள் பேச்சைத் தனிமொழி என்பாரும் போலிஷ் மொழியின் கொச்சை என்பாரும் உண்டு. 1852இல் பிறந்த ஹியரோனிம் டெர்டோவ்ஸ்கி என்னும் பத்திரிகையாளர் 1880இல் அம்மொழியில் ஒரு நெடும்பாடல் வெளியிட்டார். சார்லின்ஸ்கி என்பவர் மீன்வலை வாங்கப் பூட்ஸ்க் என்ற கடற்கரை ஊருக்குப் போய் வந்த கதை. அவ்வளவுதான் கதை; கஷூபிய மொழியின் முதல் காப்பியம் என்று அதைப் போற்றுகின்றனர். டெர்டோவ்ஸ்கி பிறகு அமெரிக்கா சென்று, மின்னசோட்டாவின் வினோனா நகரில் 'வியாருஸ்' என்ற புலம்பெயர்ந்தோர் பத்திரிகையை நடத்தி, 1902இல் அங்கேயே காலமானார். கஷூபிய மொழிக்குப் போலந்து அரசின் சட்ட ஏற்பு 2005இல் கிடைத்தது. கரையில் பேசப்பட்ட பேச்சையே காப்பியத்துக்கு உயர்த்துவது அவர் கண்ட வழி.

சிதம்பரம் பிள்ளை கண்ட வழி எதிர்த்திசையில் செல்வது. அவர் தம் கரையின் பேச்சைச் செய்யுளுக்குள் விடவில்லை. தோணிக்காரர் மொழி, முத்துக்குளிப்போர் சொற்கள், பரதவர் வழக்கு இவற்றை அவர் பாட்டில் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். அந்தப் பேச்சு இலக்கியத்தில் தன் முழு வீச்சோடு இடம்பெற இந்த நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இலும், 1914 முதல் 2000 வரையான தூத்துக்குடியைச் சொல்லும் 'கொற்கை' 2009இலும் வந்தன. இதை வ.உ.சி.யின் குறையென்று சொல்லலாம். எனினும் அவர் காலத்தில் நின்று பார்த்தால் வேறொன்றும் புலப்படுகிறது. டெர்டோவ்ஸ்கிக்குப் பின்னால் எழுத்து மரபு மிகச் சொற்பம். தன் பேச்சைத் தானே எழுத்தாக்க வேண்டும். தமிழனுக்கோ ஈராயிரம் ஆண்டு எழுத்து இருந்தது. ஆனால் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் அதற்கு மதிப்பில்லை. வக்கீல் பட்டமும் கம்பெனியும் பறிபோன ஒருவருக்கு, எந்த நீதிபதியாலும் பறிக்க இயலாத உடைமையாக இருந்தது அந்தப் பழைய எழுத்துதான்.

சிறையில் அவர் செய்தது என்ன என்பதை இந்த நோக்கில் பார்க்க வேண்டும். முதலில் கோயமுத்தூர், 1910 இறுதியிலிருந்து கண்ணனூர். செக்கிழுத்தது கோவையில். அக்காலத்தில்தான் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் சிறுநூலைத் தமிழில் பெயர்த்தார். 'மனம் போல வாழ்வு' என 1909இல் அது வெளிவந்தது. மனத்தின் நினைவே வாழ்வின் நிலையை உண்டாக்குகிறது என்பது அந்நூலின் சாரம். மாட்டுக்குப் பதில் செக்கில் பூட்டப்பட்ட ஒருவர் அதை நம்பிப் பெயர்த்தார் என்பது நமக்கு விசித்திரமாகவே படுகிறது. ஆலனின் மேலும் மூன்று நூல்களைப் பின்னர் 'அகமே புறமே', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்று தந்தார். நம் கருத்தில் அவை இன்று சற்று உலர்ந்துபோனவை. அவற்றைக் கடந்து செல்லலாம்.

'மெய்யறம்' அப்படியல்ல. கண்ணனூரில் உடனிருந்த கைதிகளுக்கு அவர் திருக்குறளைச் சொல்லிக்கொடுத்தார். அது கடினமாயிருக்கிறது, எளிதாக ஒரு நூல் வேண்டும் என்று அவர்கள் விரும்ப, அதன் வழிநூலாக இதை இயற்றினார். 125 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து அடி, ஒவ்வோர் அடியும் ஒரு தனிக்கருத்து. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுப்பு. 1914இல் அச்சேறியது. கவிச்சுவை தேடுவோர் இதில் ஏமாறக்கூடும். ஆத்திசூடி வகையில் சுருங்கச் சொல்லும் சூத்திரங்களே மிகுதி. ஆனால் இரண்டு செய்திகளைக் கவனியாது விடலாகாது. இந்நூலின் முதல் வாசகர்கள் சிறைக்கைதிகள். தமிழில் எத்தனை அறநூல்களுக்கு இப்படி ஓர் அவை வாய்த்தது? மேலும், 125இல் 50 அதிகாரங்கள் அரசியலுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அரசை நிந்தித்தார் என்று உள்ளே தள்ளப்பட்டவர், அரசு எப்படி இருக்க வேண்டும் என்பதை அரசின் சிறையிலேயே அமர்ந்து ஐந்நூறு அடிகளில் வகுத்திருக்கிறார். கடற்கரையில் சொன்னபோது குற்றமானது, யாப்பில் சொன்னபோது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. அடுத்து வந்த 'மெய்யறிவு' பத்து அதிகாரம், நூறு வெண்பா, 1915இல் வெளியானது.

'பாடல் திரட்டு' என்ற தொகுப்பின் சிறைப் பகுதியே நம்மை மிகவும் ஈர்ப்பது. அதில் குடும்பத்தாருக்கும் நண்பருக்கும் எழுதிய செய்யுட் கடிதங்கள் உள்ளன. பழந்தமிழ்ப் புலவர்கள் வள்ளல்களுக்குச் சீட்டுக்கவி விடுத்த மரபு நமக்குத் தெரியும். பொருள் வேண்டியும், நெல் வேண்டியும், பெருமிதத்தோடு தம்மை அறிமுகம் செய்துகொண்டும் எழுதுவது அது. வ.உ.சி. அந்த உருவத்தைச் சிறைக் கடிதத்துக்குப் பயன்படுத்தினார். நலம் விசாரிப்பு, வீட்டுச் செலவு, செய்ய வேண்டிய காரியம் எல்லாம் வெண்பாவுக்குள் வருகின்றன. வெண்பா மனத்தில் கட்டி மனத்திலேயே வைத்துக்கொள்ளத்தக்க உருவம். எழுதுவதற்குக் கட்டுப்பாடுள்ள இடத்தில் அது எத்துணைப் பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1912 டிசம்பர் 24இல் விடுதலை. அவர் உள்ளே இருந்தபோதே கம்பெனி கலைக்கப்பட்டு, கப்பல்கள் கைமாறியிருந்தன. வக்கீல் சன்னது இல்லை. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர் என்று மாறி மாறிக் குடியிருந்தார். சிறு வாணிகங்களில் இறங்கினார், நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்த 347 ரூபாய் 12 அணாவுக்காக 1915, 1916ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தை ஆ.இரா. வேங்கடாசலபதி தனிநூலாகவே எழுதியிருக்கிறார். அத்தொகைக்காகக் காத்திருந்த நாள்களிலேயே அவருடைய நூல்கள் ஒவ்வொன்றாக அச்சேறின என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூல் விற்பனை அவருக்கு அப்போது பிழைப்பும்கூட. வந்த புலவர்க்கெல்லாம் வாரி வழங்கியவன் இன்று பாட்டெழுதிப் பிறர் வாயிலில் நிற்கிறானே என்று தம்மைப் படர்க்கையில் வைத்துப் பாடிய அவருடைய வெண்பா ஒன்று பலரும் அறிந்தது. அதில் புலம்பலைவிட அங்கதமே நம் காதில் ஓங்கி ஒலிக்கிறது. கொடுக்கும் இடத்திலிருந்து கேட்கும் இடத்துக்கு இறங்கியவர், அந்த இறக்கத்தையே சீட்டுக்கவி மரபில் ஒரு துறையாக மாற்றிக்கொண்டார்.

இனி, அவர் ஆக்கங்களில் தலையாயதென நாம் கருதும் 'சுயசரிதை'. இதன் முதற்பகுதி பரலி சு. நெல்லையப்பரின் வேண்டுகோளுக்கு இசைந்து அவரை விளித்து எழுதியது. வ.உ.சி. கோவைச் சிறையில் இருந்தபோது அருகில் இருக்க வேண்டுமென்று கோவைக்கே வந்து தங்கியவர் நெல்லையப்பர். 1917இல் பாரதியின் 'கண்ணன் பாட்'டை வெளியிட்டவரும் அவரே. நூல் முழுதும் அகவல். தமிழில் தன்வரலாறு என்றால் 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கிய உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைச் சுட்டுவோம். அதற்கு முன்பே இருவர் செய்யுளில் அதைச் செய்திருந்தனர். பாரதி 1910இல் 'கனவு' என்ற பெயரில், வ.உ.சி. அகவலில். பாரதியின் 'கனவு' உணர்ச்சியின் வரலாறு. அங்கே நிகழ்ச்சிகள் குறைவு. வ.உ.சி.யின் அகவலோ ஆவணம். யார் வந்தார், எவ்வளவு பணம் கொடுத்தார், எந்த அதிகாரி என்ன கேட்டார், தாம் என்ன விடை சொன்னார் என்பதெல்லாம் அடியடியாக வருகின்றன. ஜெயிலர், வார்டர், வாய்தா எல்லாம் ஆசிரியப்பாவுக்குள் நுழைகின்றன. முன்னே நாம் சொன்ன கூற்றை இங்கே சற்றுத் திருத்திக்கொள்ளலாம்: கரையின் பேச்சு வரவில்லையாயினும், கோர்ட்டும் சிறையும் பேசிய பேச்சு வந்துவிடுகிறது.

ஓர் இடம். தூத்துக்குடியில் அவர் வீட்டில் இராமையா தேசிகர் என்ற பார்வையிழந்த பெரியவர் தங்கியிருந்தார். அவர் சாதியைச் சொல்லி, அவருக்கு உணவிடுவது முறையோ என்று ஊரார் முணுமுணுத்தனர். செய்தியைக் கணவர் சொன்னபோது முதல் மனைவி வள்ளியம்மை அஞ்சவில்லை. ஆன்மாவுக்குச் சாதி ஏது என்ற வேதாந்த முறையில் மறுமொழி கூறி, தொடர்ந்து தம் கையாலேயே பரிமாறினார். அந்த அம்மையார் சிறையையோ கப்பலையோ காணும் முன்னரே மறைந்துவிட்டார். நாட்டு வரலாற்றில் அவருக்கு வரியில்லை. கணவரின் அகவலில் இருக்கிறது. எதுகைக்காகச் சில இடங்களில் சொல் இழுபடுவதையும், பட்டியல்கள் நீள்வதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் அழுத்தமின்றி, தன்னிரக்கமின்றி, கணக்கு எழுதுவது போலத் தன் துன்பத்தைச் சொல்லிச் செல்லும் அந்தக் குரல் தமிழில் அரியது. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் வேலையை யாப்பு அவருக்காகச் செய்தது போலும்.

பதிப்புப் பணியில் அவர் காட்டிய துணிவும் சிறிதன்று. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரையே உரையென்று இருந்த நாளில், கிடைப்பனவற்றுள் பழமையான மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை 1917இல் அச்சிற் கொணர்ந்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தின் எழுத்ததிகாரத்தை 1928இல் வெளியிட்டார். பொருளதிகாரப் பதிப்பில் எஸ். வையாபுரிப் பிள்ளை துணை நின்றார். வாவிள்ள இராமஸ்வாமி சாஸ்த்ருலு நிறுவனம் அச்சிட்டது. 'இன்னிலை' என்னும் நூலுக்கு உரை கண்டு 1917இலேயே வெளியிட்டதும் அவர்தாம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று என நம்பி அதைச் செய்தார். அந்நூல் பிற்காலத்தார் ஒருவர் புனைந்த போலி என்பதும், கீழ்க்கணக்கைச் சேர்ந்தது 'கைந்நிலை'யே என்பதும் பின்னர் அறிஞர் கண்ட முடிவு. பழந்தமிழ் என்றால் மனம் நெகிழ்ந்துவிடும் ஒருவரை எளிதில் ஏமாற்ற முடிந்திருக்கிறது. அதே மனிதர்தாம், குறளின் கடவுள் வாழ்த்து அதிகாரம் வள்ளுவர் வாக்கன்று என்று பக்தர் நிறைந்த நாட்டில் எழுதவும் துணிந்தார். நம்பிக்கையும் ஐயமும் அவரிடம் எந்த இடத்தில் எதற்கு வழிவிடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

நீதிபதி வாலஸின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றியாகத் தம் மகனொருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வக்கீலாக இருந்தார். 1932இல் தூத்துக்குடிக்கே மீண்டார். கப்பல்கள் வழக்கம்போல் தொலைவில் நின்றன. தோணிகள் போய் வந்தன. அவர் வீட்டில் குறளுக்குத் தம்முடைய சொந்த உரையை எழுதிக்கொண்டிருந்தார். அறத்துப்பால் 1935இல் வெளியாயிற்று. சிவஞானபோத உரையும் அவ்வாண்டே. 1936 நவம்பர் 18இல் காலமானார். இறுதிக்காலத்தில் எழுதுவித்த உயிலில் துணிக்கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் தர வேண்டிய பாக்கிகள் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. குறளின் மற்ற இரு பால்களுக்கு எழுதிய உரை நூலாகப் பல பத்தாண்டுகள் சென்றன. 'சுயசரிதை'யை அவர் மகன் சுப்பிரமணியம் 1946இல், நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன், பாரி நிலையத்தின் வழி வெளியிட்டார்.